பெயர் வேறு, நிறுவனம் வேறு, பங்கு வேறு: பெட் பாத் அண்ட் பியாண்ட் கதை வழியே திவாலைப் புரிந்துகொள்ளுதல்

2023 ஏப்ரலில், அமெரிக்காவின் புகழ்பெற்ற வீட்டு அலங்காரப் பொருள் கடைத்தொடரான பெட் பாத் அண்ட் பியாண்ட் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு ஜூலை இறுதிக்குள் அமெரிக்காவில் இருந்த அதன் கடைகள் அனைத்தும் மூடப்பட்டன. பிறகு 2025 ஆகஸ்டில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் அதே பெயர்ப்பலகையோடு ஒரு கடை திறக்கப்பட்டது. பங்குச் சந்தையிலும் அதே பெயரில், அதே பழைய குறியீட்டில் ஒரு பங்கு கைமாறத் தொடங்கியது. இதைக் கண்டவர்களில் பலர் நிறுவனம் மீண்டு எழுந்துவிட்டது என்று எண்ணினார்கள். பழைய பங்குகளை வைத்திருந்தவர்களில் சிலர் தங்கள் பணமும் ஒருநாள் திரும்பி வரும் என்று காத்திருந்தார்கள். இரண்டு எண்ணங்களும் பிழையானவை.

‘திவால்’ என்ற சொல்லைத் தமிழில் நாம் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். நட்டம் வந்தாலும் திவால், கடையை மூடினாலும் திவால், முதலாளி ஊரைவிட்டு ஓடினாலும் திவால், மஞ்சள் கடுதாசி கொடுத்தாலும் திவால். சட்டத்தில் இந்தச் சொல்லுக்குக் குறிப்பிட்ட பொருள் உண்டு. அதைச் சட்டப் புத்தகத்திலிருந்து விளக்குவதைவிட, தலையணை உறையும் துண்டும் விற்ற ஒரு கடைத்தொடரின் ஐம்பதாண்டு வரலாற்றின் வழியே விளக்குவது எளிது என்பதால் இக்கட்டுரை அந்த வழியில் செல்கிறது.

கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை

நான்கு பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரு பாத்திரக்கடை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் தொங்கும் பலகையில் எழுதியிருப்பது கடையின் பெயர். வாடிக்கையாளர் நம்பி வருவது அந்தப் பெயரை. ஆனால் வங்கியில் கணக்கு வைத்திருப்பதும், சரக்குக்குக் கடன் சொல்வதும், வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் நிற்பதும் அந்தப் பலகை அல்ல. அதன் பின்னால் பதிவு செய்யப்பட்டிருக்கும் அமைப்பு. அதுவே நிறுவனம். அந்த நிறுவனத்தில் நான்கு பேருக்கும் உள்ள கால் கால் உரிமையே பங்கு.

பெயரும் நிறுவனத்தின் சொத்துகளில் ஒன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தராசு, அலமாரி, கையிருப்புச் சரக்கு ஆகியவற்றைப் போலவே பெயரையும் தனியாகக் கழற்றி இன்னொருவருக்கு விற்கலாம். பெயர் போன பிறகும் நிறுவனம் தன் கடன்களோடு இருக்கும். பெயரை வாங்கியவருக்கு அந்தக் கடன்களோடு உறவில்லை. சட்டப் பாதுகாப்புப் பெற்ற இத்தகைய பெயரையும் சின்னத்தையும் வணிக முத்திரை என்பார்கள்.

ஒரு கூரையின் கீழ் இருப்பதால் இந்த மூன்றும் நமக்கு ஒன்றாகத் தெரிகின்றன. திவால் வந்தால் மூன்றும் மூன்று வழியில் போகின்றன.

படுக்கையறை, குளியலறை, அதற்கும் அப்பால்

வாரன் ஐசன்பர்க், லெனார்ட் ஃபைன்ஸ்டைன் ஆகிய இருவரும் ஆர்லன்ஸ் என்ற மலிவு விலைக் கடைத்தொடரில் வேலை பார்த்தவர்கள். எல்லாப் பொருளையும் விற்கும் பெரிய கடைகளின் காலம் மங்கி, ஒரே வகைப் பொருளை ஆழமாக விற்கும் கடைகளின் காலம் வரும் என்று கணித்து, 1971-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் படுக்கை விரிப்பும் குளியலறைத் துணிகளும் விற்கும் கடையைத் தொடங்கினார்கள். அப்போது அதன் பெயர் பெட் அண்ட் பாத் என்று மட்டுமே இருந்தது. 1985-இல் சமையலறைச் சாமான்கள் உட்பட வீட்டுக்குத் தேவையான அனைத்தையும் அடக்கிய பெருங்கடையைத் திறந்தபின், பழைய பெயர் சிறுத்துப்போனதால், 1987-இல் ‘அதற்கும் அப்பால்’ என்ற பொருளில் ‘பியாண்ட்’ என்ற சொல் சேர்ந்தது. 1992-இல் நிறுவனம் பங்குச் சந்தையில் நுழைந்தது.

இந்தக் கடைகளுக்கென்று ஒரு தோற்றம் இருந்தது. துண்டுகள் தரையிலிருந்து கூரைவரை வண்ண வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். எந்தப் பொருளை எவ்வளவு வரவழைப்பது என்பதைத் தலைமையகம் முழுவதும் தீர்மானிக்காமல், அந்தந்தக் கடையின் மேலாளரே தம் ஊர் மக்களின் தேவையை அறிந்து பெருமளவு முடிவுசெய்யும் பழக்கமும் இருந்தது. நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு இது புதுமையல்ல. ஆனால் நூற்றுக்கணக்கான கிளைகள் கொண்ட அமெரிக்கத் தொடருக்கு இது அரிய குணம்.

கல்யாணப் பரிசுப் பட்டியல் இன்னொரு பலம். மணமக்கள் தங்களுக்கு வேண்டிய பொருள்களைக் கடையில் பதிந்துவைப்பார்கள். விருந்தினர் அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை வாங்கிக் கொடுப்பார்கள். ஒரே திருமணத்தில் ஏழு சுவர்க்கடிகாரமும் பன்னிரண்டு எவர்சில்வர் குத்துவிளக்கும் பரிசாகப் பெற்று எதைப் பரண்மேல் ஏற்றுவது என்று திகைத்த குடும்பங்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இவை எல்லாவற்றையும்விட மக்கள் நினைவில் நின்றது நீல நிறக் கூப்பன். ஏதாவது ஒரு பொருளுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி தரும் அந்த அட்டை தபாலில் வீடு தேடி வரும். காலாவதித் தேதி அச்சிடப்பட்டிருந்தாலும் கடைக்காரர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை என்பது ஊரறிந்த இரகசியம் ஆதலால், மக்கள் அவற்றைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்தார்கள். 2008-இல் முக்கியப் போட்டியாளரான லினன்ஸ் அண்ட் திங்ஸ் கடைத்தொடர் திவாலாகி மூடியபோது அதன் வாடிக்கையாளர்களில் பலரும் இங்கே வந்தார்கள். 2017-ஆம் நிதியாண்டில் ஆண்டு விற்பனை 1,200 கோடி டாலரைத் தாண்டியது. கிளை நிறுவனங்களையும் சேர்த்து ஏறத்தாழ 1,500 கடைகள் இருந்தன.

கல்லாப்பெட்டியிலிருந்து கூட்டாளிக்கு

வீழ்ச்சிக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலோர் அமேசான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இணைய வணிகம் இந்தக் கடையை அடித்தது உண்மை. இணையத்தில் விற்பதற்கு இந்நிறுவனம் மிகத் தாமதமாகவும் அரைமனதோடும் தயாரானதும் உண்மை. ஆனால் இதே வீட்டுப் பொருள்களை விற்கும் ஹோம்கூட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கத் தொடர், தன் இணையக் கடையை 2023-இல் மூடிவிட்டு, நேரடிக் கடைகளை மட்டும் வைத்துக்கொண்டு வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே அமேசான் என்ற விடை பாதி விடைதான். மறுபாதியை அறியப் பங்குகளைத் திரும்ப வாங்குதல் என்ற செயலைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மீண்டும் பாத்திரக்கடைக்குப் போவோம். கடையின் மொத்த மதிப்பு 40 இலட்சம் ரூபாய். அதில் 10 இலட்சம் கல்லாவில் ரொக்கமாகச் சும்மா இருக்கிறது. நான்கு கூட்டாளிகளுக்கும் தலைக்கு 10 இலட்சம் மதிப்புள்ள உரிமை. ஒருவர் விலக விரும்புகிறார். மற்ற மூவரும் தங்கள் சட்டைப்பையிலிருந்து பணம் எடுக்காமல், கல்லாவிலிருக்கும் 10 இலட்சத்தை அவருக்குக் கொடுத்துக் கணக்கு முடிக்கிறார்கள். இப்போது கடையின் மதிப்பு 30 இலட்சம், கூட்டாளிகள் மூவர். தலைக்கு அதே 10 இலட்சம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இதைத்தான் பங்குகளைத் திரும்ப வாங்குதல் என்கிறார்கள்: நிறுவனம் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துத் தன் பங்குகளையே சந்தையில் வாங்கி, அவற்றை இல்லாமல் ஆக்கிவிடுவது.

இதில் ஒரு கவர்ச்சி உண்டு. கடையின் ஆண்டு இலாபம் 4 இலட்சமாக இருந்தால் முன்பு தலைக்கு 1 இலட்சம் கிடைத்தது. இப்போது 1 இலட்சத்து 33 ஆயிரம் கிடைக்கிறது. ஒரு குடம்கூடக் கூடுதலாக விற்காமலேயே தலைக்கான இலாபம் உயர்ந்துவிட்டது. சந்தையில் இதைப் பங்கொன்றுக்கான இலாபம் என்று கணக்கிடுவார்கள். இந்த எண் உயர்ந்தால் பங்கு விலையும் உயர வாய்ப்புண்டு.

ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. கல்லாவில் சும்மா கிடந்ததாகத் தோன்றிய அந்த 10 இலட்சம், மழைக்காலத்துக்குக் குடை போன்றது. அடுத்த ஆண்டு எதிர்வரிசையில் ஒரு பெரிய கடை வந்து வியாபாரம் பாதியானால், புதிய சரக்கு இறக்கவும் கடையைப் புதுப்பிக்கவும் அந்தப் பணம் இருந்திருக்கும். ரொக்கம் போதாதபோது வட்டிக்குக் கடன் வாங்கிக் கூட்டாளிக்குக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கூட்டாளி பணத்தோடு போய்விட்டார், வட்டி மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும்.

பெட் பாத் அண்ட் பியாண்ட் இரண்டையும் செய்தது. 2004-க்கும் 2022 தொடக்கத்துக்கும் இடையில் தன் பங்குகளைத் திரும்ப வாங்க அது செலவிட்ட தொகை சுமார் 1,170 கோடி டாலர். 2014-இல் 150 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை, அதாவது குறிப்பிட்ட ஆண்டில் அசலைத் திருப்பித் தருவதாகவும் அதுவரை வட்டி தருவதாகவும் உறுதிகூறும் பத்திரங்களை, வெளியிட்டு அந்தப் பணத்தைப் பெருமளவு பங்குகளைத் திரும்ப வாங்கவே பயன்படுத்தியது. அந்தப் பத்திரங்களில் ஒரு பகுதி 2044-இல் முதிர்வடைய வேண்டியவை. அக்காலத்தில் பங்கின் விலை 60, 70 டாலர் என்று இருந்து, 2015 தொடக்கத்தில் ஏறத்தாழ 80 டாலரைத் தொட்டது.

திவால் மனு கொடுத்தபோது நிறுவனம் காட்டிய மொத்தக் கடன் 520 கோடி டாலர். பங்குகளைத் திரும்ப வாங்கச் செலவிட்டது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். இந்த ஒப்பீட்டை வைத்துக்கொண்டு, அப்பணம் முழுவதும் திருடப்பட்டது என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். தொடக்க ஆண்டுகளில் அது உண்மையான இலாபத்திலிருந்து வந்த பணம். பங்குகளை விற்றவர்களுக்கு முறையாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் 2021-இல், விற்பனை தேய்ந்துகொண்டிருந்த காலத்தில், 100 கோடி டாலர் திரும்ப வாங்கும் திட்டத்தைக் குறித்த காலத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே முடிக்கப்போவதாக நிறுவனம் பெருமையோடு அறிவித்ததே, அதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: பங்கைத் திரும்ப வாங்குவது தன்னளவில் குற்றமல்ல; அது கல்லாவிலிருந்து கூட்டாளிக்குப் பணம் போகும் வழி. விலை உச்சத்தில் இருக்கும்போது, கடன் வாங்கியாவது அதைச் செய்தால், கெட்ட காலத்துக்குக் கையில் எதுவும் மிஞ்சாது.

காலியான அலமாரி

கெட்ட காலம் 2019-இல் வெளிப்படையாகத் தொடங்கியது. சிறுபங்கு வைத்திருந்த மூன்று முதலீட்டு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து நிர்வாகத்தை மாற்றக் கோரின. நீண்டகாலத் தலைவர் விலகினார். டார்கெட் கடைத்தொடரில் பெயர் பெற்ற மார்க் டிரிட்டன் அந்த ஆண்டின் இறுதியில் பொறுப்பேற்றார். டார்கெட் கடையின் வெற்றிக்கு அதன் சொந்த முத்திரைப் பொருள்கள் ஒரு காரணம் என்பதால், இங்கேயும் அதே மருந்து கொடுக்கப்பட்டது. மக்கள் தேடிவந்த புகழ்பெற்ற தயாரிப்புகள் குறைந்து, யாரும் கேள்விப்படாத புதிய பெயர்களில் துண்டும் தட்டும் அலமாரியில் ஏறின. கூப்பன்களும் குறைக்கப்பட்டன. நெரிசலான அடுக்குகள் நீக்கப்பட்டுக் கடைகள் பார்வைக்கு அழகாயின, வாடிக்கையாளர்தான் வரவில்லை. இதற்கு நடுவே பெருந்தொற்று வந்து சரக்குப் போக்குவரத்தையும் குலைத்தது. 2022 ஜூனில் டிரிட்டன் வெளியேற்றப்பட்டார்.

இனி நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள, கடைகள் சரக்கு வாங்கும் முறையை அறிய வேண்டும். எந்த ஊரிலும் சில்லறை வியாபாரம் பெரும்பாலும் கடனுக்குச் சரக்கு இறக்கித்தான் நடக்கிறது. மொத்த வியாபாரி இன்று சரக்கை அனுப்புவார். கடைக்காரர் ஒன்று இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுப்பார். இதற்கு அடமானம் எதுவும் கிடையாது. கடை நிற்கும் என்ற நம்பிக்கை ஒன்றே பிணை. அந்தக் கடை ஆட்டம் காண்கிறது என்ற செய்தி பரவினால், “ரொக்கம் வைத்தால்தான் லாரி கிளம்பும்” என்று மொத்த வியாபாரிகள் சொல்லிவிடுவார்கள். ரொக்கம் இல்லாததால்தான் கடை ஆட்டம் காண்கிறது என்பதால், அலமாரி காலியாகும். காலி அலமாரியைப் பார்த்து வாடிக்கையாளர் திரும்பிப்போவார். விற்பனை இன்னும் குறையும். வதந்தி இன்னும் பெருகும்.

இதுவே 2022-இல் நடந்தது. அந்த நவம்பரில் முடிந்த காலாண்டில் விற்பனை முந்தைய ஆண்டைவிட 33 விழுக்காடு சரிந்தது. மூன்று மாத நட்டம் மட்டும் 39 கோடி டாலருக்கு மேல். 2023 பிப்ரவரியில், உயிர் பிழைக்க நிறுவனம் ஏராளமான புதிய பங்குகளை வெளியிட்டு விற்றது. பல ஆண்டுகள் 60, 70 டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கிய அதே பங்கை, அடிமாட்டு விலைக்குப் புதிதாக அச்சடித்து விற்க வேண்டி வந்தது. பங்குகளின் எண்ணிக்கை சில மாதங்களில் பல மடங்கானதால், பழைய பங்குதாரர் ஒவ்வொருவரின் உரிமையும் நீர் ஊற்றிய மோராயிற்று.

மஞ்சள் கடுதாசியும் சாப்டர் 11-உம்

2023 ஏப்ரல் 23 அன்று நிறுவனம் நியூ ஜெர்சியின் திவால் நீதிமன்றத்தில் மனு செய்தது. அப்போது அதனிடம் 360 பெட் பாத் அண்ட் பியாண்ட் கடைகளும், குழந்தைப் பொருள் விற்கும் 120 கிளை நிறுவனக் கடைகளும் எஞ்சியிருந்தன. பங்கின் விலை 30 செண்டுக்கும் கீழே இருந்தது.

அமெரிக்கத் திவால் சட்டத்தில் நிறுவனங்களுக்கு இரண்டு வாசல்கள் முக்கியமானவை. சாப்டர் 7, அதாவது அச்சட்டத்தின் 7-ஆம் அத்தியாயம், நேரடிக் கலைப்பு: நியமிக்கப்படும் பொறுப்பாளர் ஒருவர் எல்லாவற்றையும் விற்பார். சாப்டர் 11 என்பது பாதுகாப்புக்குள் இருந்தபடியே கடன்களைச் சீரமைக்கும் வாசல். மனு பதிவான அந்தக் கணத்திலிருந்து கடன் கொடுத்தவர் எவரும் தனியாக வசூலிக்க முடியாது. வழக்கு, சப்தி, வாடகைப் பாக்கிக்கான கெடுபிடி எல்லாம் தாமாகவே நின்றுவிடும். கடன் கொடுத்தவர்கள் வாசலில் நின்று ஆளுக்கொரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைத் தடுத்து, எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதே இதன் நோக்கம்.

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தோடு பழகியவர்களுக்கு இங்கே ஒரு வேறுபாடு வியப்பாக இருக்கும். இந்தியாவில் வழக்கு ஏற்கப்பட்டவுடன் நிர்வாகம் பழைய இயக்குநர்களின் கையைவிட்டுத் தீர்வு வல்லுநர் ஒருவரிடம் போய்விடும். அமெரிக்கச் சாப்டர் 11-இல் பொதுவாகப் பழைய நிர்வாகமே நீதிமன்றத்தின் கண்காணிப்பில் தொடர்ந்து நடத்தும்.

சாப்டர் 11 என்றாலே நிறுவனம் பிழைத்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த உறுதியும் இல்லை. இந்நிறுவனம் மனு கொடுத்த அன்றே கடைகளை மூடும் விற்பனையைத் தொடங்கப்போவதாக அறிவித்தது. இடையில் வாங்குவோர் யாராவது வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதே திட்டம். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 26 முதல் நீலக் கூப்பன்கள் ஏற்கப்படவில்லை.

யாருக்கு முதல் பந்தி?

திவாலின் உயிர்நாடி, இருக்கும் பணத்தை யாருக்கு எந்த வரிசையில் கொடுப்பது என்பதே. கல்யாண வீட்டுப் பந்தியைப் போல் இதை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் மிகக் கறாரான பந்தி. முதல் பந்தி எழுந்த பிறகே இரண்டாம் பந்திக்கு இலை போடுவார்கள். சோறு தீர்ந்துவிட்டால் அடுத்த பந்திக்காரர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் பசியோடு போக வேண்டியதுதான்.

முதல் பந்தியில் அமர்வோர் ஈட்டுக் கடன் கொடுத்தவர்கள். நகையை அடகு வைத்துக் கடன் வாங்கினால், கடன் திரும்பாதபோது நகையை விற்றுத் தன் பணத்தை எடுத்துக்கொள்ளும் முதல் உரிமை அடகுக்கடைக்காரருக்கே. மற்றக் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. கடையிலிருக்கும் சரக்கு முதலியவற்றை ஈடாகக் காட்டி இவ்வாறு கடன் வாங்குவதே ஈட்டுக் கடன். பெட் பாத் அண்ட் பியாண்டுக்கு ஜே.பி. மோர்கன் வங்கியின் தலைமையிலான குழுவும், சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற முதலீட்டு நிறுவனமும் இப்படிக் கடன் கொடுத்திருந்தன. திவால் காலத்தில் கடையை நடத்தித் தருவதற்காகப் புதிதாக 24 கோடி டாலர் கடன் கொடுத்ததும் சிக்ஸ்த் ஸ்ட்ரீட்தான். இத்தகைய கடனுக்கு நீதிமன்றம் தனி முன்னுரிமை தரும், இல்லையென்றால் மூழ்கும் கப்பலுக்கு எவர் கடன் கொடுப்பார்?

அடுத்து, திவால் நடவடிக்கையின் செலவுகள், வழக்கறிஞர் கட்டணம், ஒரு வரம்புக்கு உட்பட்ட சம்பளப் பாக்கி, சில வரிகள். வழக்கறிஞர்கள் இவ்வளவு முன்னால் அமர்வது பலரை எரிச்சலூட்டும், என்னையும்தான்.

அதற்கும் பின்னால் ஈடில்லாக் கடன்காரர்கள். கைமாற்றுக் கொடுத்தவரின் நிலை இவர்களுக்கு. 2014-இல் கடன் பத்திரம் வாங்கியவர்களும், பணம் வாங்காமல் சரக்கு அனுப்பிய வியாபாரிகளும், கடைக்கு இடம் கொடுத்தவர்களும் இந்தப் பந்தியில்தான். அமெரிக்கா இறக்குமதி செய்யும் பருத்திப் படுக்கை விரிப்புகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போகிறது என்பதால், ஒரு அமெரிக்கக் கடைத்தொடரின் மூன்றாம் பந்தியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது கரூர் போன்ற வீட்டுத்துணி ஏற்றுமதி ஊர்களுக்கு வேற்று நாட்டுச் செய்தி அல்ல. கடனுக்குச் சரக்கு அனுப்பும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி, வாங்குபவரின் கடை எவ்வளவு பெரியது என்பதல்ல, தனக்கு முன்னால் எத்தனை பேர் பந்தியில் இருக்கிறார்கள் என்பது.

கடைசிப் பந்தி பங்குதாரர்களுக்கு. இது அநியாயமாகத் தோன்றலாம், அவர்கள்தானே உரிமையாளர்கள்? உரிமையாளர்கள் என்பதால்தான் கடைசி. இலாபம் எல்லையின்றி வளர்ந்தாலும் கடன்காரருக்கு வட்டிக்கு மேல் ஒரு காசு கிடைக்காது, மிச்சமெல்லாம் பங்குதாரருக்கு. மிஞ்சுவதெல்லாம் தனக்கு என்ற உரிமையின் மறுபக்கம், மிஞ்சாதபோது தனக்கு ஒன்றுமில்லை என்பது. மேலுள்ள பந்தி முழுதாக உண்டு எழாமல் கீழுள்ளவருக்குப் பரிமாறக்கூடாது என்ற இந்த ஒழுங்கை முழு முன்னுரிமை விதி என்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். மனுவில் காட்டிய சொத்து 440 கோடி டாலர், கடன் 520 கோடி. அந்தச் சொத்து மதிப்பும் ஏட்டுக்கணக்கு. மூடும் விற்பனையில் தலையணையும் துண்டும் அதில் ஒரு பகுதிக்குத்தான் போகும். கடைசிப் பந்திக்குச் சோறு இல்லை என்பது முதல் நாளே தெரிந்த செய்தி.

தெரிந்தும் ஏன் வாங்கினார்கள்?

ஆனாலும் மனு கொடுத்த பிறகும் அந்தப் பங்கு வாங்கப்பட்டும் விற்கப்பட்டும் வந்தது. நாஸ்டாக் சந்தை அதை நீக்கியபின், சந்தைக்கு வெளியே கைமாறியது.

இதன் வேர் 2021-இல் இருக்கிறது. அந்த ஜனவரியில் கேம்ஸ்டாப் என்ற கடைத்தொடரின் பங்கை இணையத்தில் கூடிய சிறு முதலீட்டாளர்கள் வானளவு ஏற்றினார்கள். நிறுவனத்தின் வியாபாரத்தைப் பாராமல், இணையக் கூட்டத்தின் உற்சாகத்தால் விலை ஏறும் இத்தகையவற்றுக்கு மீம் பங்கு என்று பெயர் வந்தது. பெட் பாத் அண்ட் பியாண்டும் அந்த அலையில் சேர்ந்தது. 2022 மார்ச்சில், கேம்ஸ்டாப் வழியாகப் புகழ்பெற்ற முதலீட்டாளர் ரயன் கோகன் இந்நிறுவனத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு பங்கு வாங்கியதாக அறிவித்தபோது உற்சாகம் உச்சத்துக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் அனைத்தையும் விற்று இலாபத்தோடு வெளியேறினார், விலை சரிந்தது, கூட்டத்தில் ஒரு பகுதி மட்டும் நம்பிக்கையைக் கைவிடவில்லை.

திவாலுக்குப் பிறகும் யாராவது பெரும்புள்ளி வந்து நிறுவனத்தை மீட்பார், தங்கள் பங்கு புதிய பங்காக மாறும் என்று அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பங்குதாரருக்கு எதுவும் கிடைக்காது என்று நிறுவனமே தன் ஆவணங்களில் எழுதியிருந்தது. சந்தையில் ஒரு பொருள் கைமாறுகிறது என்பதாலேயே அதற்குப் பின்னால் மதிப்பு இருக்கிறது என்று கொள்ள முடியாது. நாளை இன்னொருவர் கூடுதல் விலைக்கு வாங்குவார் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே சில நாள் ஒரு விலையைத் தாங்கிப் பிடிக்கும். 2023 செப்டம்பர் 29 அன்று கலைப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது எல்லாப் பங்குகளும் இரத்தாயின. அவற்றுக்கு ஈடாக எதுவும் தரப்படவில்லை.

வில்லங்கமில்லாத பெயர்

இனி எஞ்சியது பெயர். நிலம் வாங்குவோர் முதலில் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பார்கள்; நிலத்தின்மேல் பழைய கடனோ வழக்கோ இருக்கக்கூடாது. அமெரிக்கத் திவால் நீதிமன்றம் சொத்துகளை விற்கும்போது, அவற்றின்மேல் இருந்த உரிமைக் கோரிக்கைகளை விலக்கி, வில்லங்கம் நீக்கிய நிலையில் விற்க அனுமதிக்கலாம். பழைய கடன்காரர்களின் உரிமை விற்ற பணத்தின்மேல் போய்விடும். வாங்கியவருக்குச் சொத்து சுத்தமாகக் கிடைக்கும்.

இந்த முறையில், 2023 ஜூனில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஓவர்ஸ்டாக் என்ற இணைய வணிக நிறுவனம் பெட் பாத் அண்ட் பியாண்ட் என்ற பெயரையும், இணைய முகவரியையும், வாடிக்கையாளர் விவரங்களையும் 2 கோடியே 15 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு கடைகூட அந்த விலையில் அடங்கவில்லை. ஒரு ரூபாய்க் கடனும் அடங்கவில்லை. குழந்தைப் பொருள் கிளையின் பெயர் தனியாக இன்னொரு நிறுவனத்துக்கு 1 கோடியே 55 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி டாலர் விற்ற கடையின் பெயருக்கு இதுதான் விலையா என்று தோன்றும். அந்த விற்பனையைச் செய்தவை கடைகளும், சரக்கும், ஊழியர்களும். அவை இல்லாமல் தனியாகக் கழற்றிய பெயருக்கு ஏலத்தில் கிடைத்த விலை இவ்வளவே.

ஓவர்ஸ்டாக் அறைகலன்களும் வீட்டுப் பொருள்களும் விற்றாலும், மிச்சச் சரக்கு என்று பொருள்படும் தன் பெயரால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தது. 2023 ஆகஸ்ட் 1 அன்று தன் அமெரிக்க இணையக் கடையின் பெயரை மாற்றியது. அந்த ஆண்டே நிறுவனத்தின் பெயரைப் பியாண்ட் என்றும், 2025-இல் முழுமையாகப் பெட் பாத் அண்ட் பியாண்ட் என்றும் மாற்றிக்கொண்டது. பங்குச் சந்தையில் பிபிபிஒய் என்ற பழைய குறியீட்டையும் எடுத்துக்கொண்டது. ஆக, இன்று அந்தக் குறியீட்டில் கைமாறும் பங்கு முன்னாள் ஓவர்ஸ்டாக்கின் பங்கு. பழைய நிறுவனத்தோடு அதற்குள்ள உறவு, ஒரு வீட்டை ஏலத்தில் எடுத்தவருக்கும் அந்த வீட்டில் முன்பு வாழ்ந்தவருக்கும் உள்ள உறவுதான்.

பெயரை விற்றுவிட்ட பழைய நிறுவனம் அந்தப் பெயரில் தொடர முடியாது அல்லவா? கடன்காரர் கணக்குகளை முடிப்பதற்காக எஞ்சி நின்ற அந்த அமைப்புக்கு நீதிமன்ற ஆவணங்களில் ‘20230930-டிகே-பட்டர்ஃபிளை-1’ என்று பெயர் இடப்பட்டது. 1971-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் கடை திறந்த நிறுவனத்தின் சட்டப்படியான வாரிசு இந்த எண்ணும் எழுத்தும்தான்.

நாஷ்வில் கடையை நடத்த முன்வந்தது கிர்க்லேண்ட்ஸ் என்ற மற்றொரு வீட்டு அலங்காரக் கடைத்தொடர். பெயரைக் கொடுத்தது முன்னாள் ஓவர்ஸ்டாக். திறப்பின்போது அவர்கள் ஓர் அறிவிப்பு செய்தார்கள்: அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய நீலக் கூப்பன்களை, காலாவதியானவை உட்பட, கொண்டு வரலாம், 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. சட்டப்படி அவர்களுக்கு அந்தக் கூப்பனோடு எந்தக் கடமையும் இல்லை. வாங்கிய பெயருக்குள் அந்தக் கூப்பனின் நினைவும் அடக்கம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.